மாமாவுக்கு வந்த சிரா போத்தல், பண்டிக்கறியோட போகுமா?

போகவந்தலாவ_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க வாசிக்கிறதோட சரி, எழுதுற ஆள் இல்ல, இப்ப வேற யாருகிட்ட கேக்குறதுன்னு தெரியாம வந்துருக்கேன். மச்சினன் பிரான்ஸ்ல இருந்து லீவுக்கு வந்துருக்கான். வரும்போது அவங்க அப்பாவுக்குன்னு ஒரு சிவப்பு வைன் போத்தல் கொண்டு வந்துட்டான். அப்பான்னா என்னோட மாமனார். மாமா 38 வருஷம் தோட்டத்துத் தேயில ஸ்டோர்ல, அதாவது ஃபாக்டரியில, வேலை பாத்தவரு, கடைசியா தேயில போடுறதுக்குப் பொறுப்பான டீமேக்கரா இருந்து பென்ஷன் வாங்கினாரு. வருஷப்பிறப்புக்கு சாராயத்துல சோடா கலந்து ஒரு கிளாஸ், அதோட முடிஞ்சுது அவர் குடி. வைன்னா அவருக்கு இனிப்புத் தண்ணி. "அது பொம்பளப்புள்ளைங்க குடிக்கிற சிரப்புடா"ன்னு மகன் முகத்துக்கு நேராவே சொல்லிட்டாரு, பாவம் அவன் முகம் சுருங்கிப் போச்சு.

31ஆம் தேதி ராவு எல்லாரும் சேந்து சாப்பிடுறோம், அப்ப ஒடைக்கிறதா பிளான். மச்சினன்கிட்ட இது என்ன வைன்னு கேட்டா "சிரா, கடைக்காரர் நல்லதுன்னு சொன்னாரு"ன்றான், அதுக்கு மேல அவனுக்கே தெரியல. போத்தல் முன்னால சிரான்னு எங்கயுமே போடல. "க்ரோஸ் ஹெர்மிடேஜ்"னு இருக்கு, "அலென் கிரைலொட்"னு ஒரு பேரு இருக்கு, 2020ன்னு வருஷம் இருக்கு. இது சிராதானா இல்ல கடைக்காரன் ஏமாத்திட்டானா? இந்த கிரைலொட் யாரு, கம்பெனியா ஆளா?

சாப்பாடு என்னன்னா வூட்டுல பண்டிக்கறி, கொறக்காப் புளி போட்டு மிளகு தூக்கலா வச்சு கறுப்பா வரட்டுவாங்களே அது, ரொட்டி, மாமி கையால கட்டசம்பல், லீக்ஸ் வதக்கல், நெத்திலிக் கருவாடு பொரியல். இந்தச் சாப்பாட்டுக்கு இந்த வைன் ஒத்துப்போகுமா? பிரிஜ்ல வைக்கணுமா வேணாமா? ஐஸ் போடலாமா? மாமா முன்னால மச்சினன் மானம் போகாம பாத்துக்கணும், அதான் விஷயம்.


கிச்சன்_செல்வா:

தம்பி முதல்ல ஐஸ் பேச்ச எடுக்காதீங்க, நெஞ்சு வலிக்குது.

நான் நுவரெலியாவுல ஒரு ஹோட்டல்ல சர்வீஸ்ல இருக்கேன், அதுக்கு முன்னால ஏழு வருஷம் கப்பல். கடைக்காரன் ஒண்ணும் ஏமாத்தல. பிரெஞ்சுக்காரன் போத்தல்ல பெரும்பாலும் ஊர் பேரைத்தான் போடுவான், பழத்தோட பேரைப் போட மாட்டான். நம்ம தேயில பெட்டியில "டிம்புல", "ஊவா"ன்னு ஊர் பேரைப் போடுறோம், "டிஆர்ஐ 2025"ன்னு செடி ரகத்தோட பேரையா போடுறோம்? அதே கதைதான். க்ரோஸ் ஹெர்மிடேஜ்னா பிரான்ஸ்ல ரோன் ஆத்துப் பள்ளத்தாக்கோட வடக்குப் பகுதியில உள்ள ஊருங்க, அங்க சிவப்பு வைன்னாலே சிராங்கிற கறுப்புத் திராட்சதான், சட்டமே அப்படி. கொஞ்சம் வெள்ளப் பழம் சேத்துக்கலாம்னு இருக்கு, ஆனா நெறைய பேரு சேக்குறதில்ல. அப்புறம் அது கிரைலொட் இல்ல, "க்ரையோ". கடைசி எழுத்த முழுங்கிருவானுங்க.

சாப்பாட்டுக்கு வாறேன். எந்த வைன் வேணும்னு எனக்கு விட்டிருந்தா உங்க பண்டிக்கறிக்கு நானே இதைத்தான் எடுத்திருப்பேன், சத்தியமா. வடக்கு ரோன் சிராவுல மிளகு வாசன அடிக்கும், கொஞ்சம் புகை, கொஞ்சம் பன்றிக் கொழுப்ப வாட்டின மாதிரி ஒண்ணு. இதே பழத்துல செய்ற ஆஸ்திரேலியா ஷிராஸ் குடிச்சிருந்தீங்கன்னா அத மறந்துருங்க, அது ஜாம் மாதிரி கனமா இருக்கும், ஆல்கஹாலும் 14, 14.5ன்னு நிக்கும். இது 13 பக்கத்துலதான் இருக்கும், புளிப்பு நல்லா நிக்கும், அந்தப் புளிப்புதான் கொழுப்ப அறுக்குறது. கறியில கொறக்காப் புளி இருக்கிறதும் நல்லதுதான், சாப்பாடு புளிச்சா வைன் அதுக்குக் கொறையாம புளிக்கணும், இல்லைன்னா வைன் சப்புன்னு ஆயிரும்.

ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு கட்டசம்பல். மிளகாக் காரத்தோட ஆல்கஹால் சேந்தா வாய் இன்னும் எரியும், வைன்ல இருக்கிற துவர்ப்பும் கசப்பா மாறிரும். மாமிகிட்ட செய்ய வேணாம்னு சொல்ல ஏலாது, வூட்டுல குடியிருக்கணுமே, அதனால சம்பல ரொட்டியோட முதல்ல சாப்பிட்டு முடிச்சுட்டு கறி வரும்போது வைன ஊத்துங்க. கறியில மிளகாத்தூள பாதியாக்கி மிளக கூட்டச் சொல்லுங்க. ரெண்டாவது நெத்திலி. கருவாட்டோட சிவப்பு வைன் வேணவே வேணாம். வைன்ல இருக்கிற கொஞ்சூண்டு இரும்பு மீன் எண்ணெயோட சேந்து வாய்க்குள்ள பழைய மீன் கவிச்சி அடிக்கும், எவ்வளவு நல்ல வைனா இருந்தாலும் அதே கதைதான். கருவாட்ட மத்தியானத்துக்குத் தள்ளுங்க. லீக்ஸ் பயப்படாம வைங்க, நல்லா போகும்.

சூடு பத்தி. "ரூம் டெம்பரேச்சர்"னு சொல்லுவாங்க, அது பிரெஞ்சுக்காரன் வூட்டு ரூம், கொழும்பு ரூம் இல்ல. நான் கீழ்நாட்டுல வேலை பாத்த ஒரு இடத்துல போத்தல் எல்லாத்தையும் காப்பி மெஷினுக்கு மேல தட்டுல அடுக்கி வச்சிருந்தானுங்க, அழகுக்கு. ஒரு வெள்ளக்காரர் மோந்து பாத்துட்டு "இத யாரு சமைச்சது"ன்னு கேட்டாரு, எனக்கு பூமி பொளந்து உள்ள போயிரலாம் போல இருந்துச்சு. உங்களுக்கு அந்தப் பிரச்சின இல்ல. டிசம்பர் கடைசியில போகவந்தலாவ ராவு குளிருக்கு போத்தல சும்மா அலுமாரியில வச்சாலே போதும். 15, 16 டிகிரி இருந்தா சரி. சாப்பிட ஒரு மணித்தியாலத்துக்கு முன்னால கோர்க்க எடுத்து வைங்க.


லயத்து_ராசா:

நல்லா இருக்கு. தோட்டத்துல 1000 ரூபா நாள் சம்பளத்துக்கு எத்தன வருஷம் கத்தினோம், 2021லதான் கெடைச்சுச்சு. இங்க ஒருத்தரு பண்டிக்கறிக்கு பிரான்ஸ் வைன் பொருத்தம் பாக்குறாரு. ஜாதகமும் பாத்துருங்க.


போகவந்தலாவ_பையன்:

அண்ணே கோவிச்சுக்காதீங்க, நம்ம காசுல வாங்கினது இல்ல, மச்சினன் வேர்வ. அங்க ராவு ரெண்டு மணி வரைக்கும் பாத்திரம் கழுவுறான். வந்த பொருள வீணாக்கக் கூடாதுன்னுதான் கேக்குறேன்.

செல்வா அண்ணே ரொம்ப நன்றி. நெத்திலி மேட்டர் வூட்டுல சொன்னேன், மாமி ஒத்துக்கல, பேச்சுவார்த்த நடக்குது.


பதுளை_டீச்சர்:

ராசா தம்பி சொல்றதுல உள்ள வலி எனக்குப் புரியுது, ஆனா நாட்டுல "வைன் ஸ்டோர்ஸ்"னு போர்ட் போட்ட கடை எத்தன இருக்கு, உள்ள போனா சாராயமும் பியருந்தான். ஒருத்தராவது நெசமான வைன் பத்திப் பேசட்டுமே. நான் அந்தக் கடையில போய் வாங்கவும் ஏலாது, 1979ல போட்ட விதி, பொம்பளைங்களுக்கு விக்கக் கூடாதுன்னு. 2018 ஜனவரியில எடுத்தாங்க, சில நாள்லயே திருப்பியும் போட்டாங்க. கடையில நிக்கிறவங்க பாதிப் பேருக்கு இந்த விதி இருக்கிறதே தெரியாது, அது வேற கதை. தங்கச்சி மெல்பர்ன்ல இருந்து வரும்போது கொண்டு வாற போத்தல்தான் எனக்கு.

நான் கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறவ, அதனால செல்வா சொன்ன மிளகு வாசனையப் பத்தி கொஞ்சம் சொல்றேன். அது கவித இல்ல, உண்மையாவே மிளகுதான். ரோட்டண்டோன்னு ஒரு பொருள், 2008ல ஆஸ்திரேலியா வைன் ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள் ஷிராஸ்ல அத இனம் கண்டு வெளியிட்டாங்க. நம்ம கறுப்பு மிளகுல மணக்கிறதும் அதே பொருள்தான், மிளகுல அளவு பல மடங்கு கூட. மாத்தள, பதுளப் பக்கம் மரத்துல ஏத்தி விட்டிருக்கோமே அந்தக் கொடியும் பிரான்ஸ்காரன் திராட்சக் கொடியும் சொந்தமே இல்ல, ஆனா மணம் ஒண்ணு! எனக்கு இது தெரிஞ்ச அன்னைக்கு ராவு தூக்கம் வரல.

இதுல வேடிக்க என்னன்னா அஞ்சு பேருல ஒருத்தருக்கு இந்த மணம் சுத்தமா தெரியாது, மூக்கு கெட்டதுன்னு இல்ல, பிறப்பே அப்படி. எங்க வூட்டுக்காரருக்குத் தெரியாது. நானும் தங்கச்சியும் மிளகு மிளகுன்னு குதிக்கிறோம், அவரு "என்னா மிளகு, புளிச்ச தண்ணி"ன்றாரு. அதனால 31ஆம் தேதி யாராவது ஒண்ணும் தெரியலன்னு சொன்னா சண்ட பிடிக்காதீங்க.

ரோட்டண்டோன் குளிரான இடத்துல, குளிரான வருஷத்துல பழுத்த பழத்துல கூட இருக்கும். நம்ம ஊவாவுல ஆடி, ஆவணி மாசம் கச்சான் காத்து அடிக்கும்போது கொழுந்து காஞ்சு ஒரு தைல மணம் வருமே, வருஷத்துல அந்தக் கொஞ்ச நாளுக்குத்தான் வெல ஏறும். தேயிலயும் திராட்சயும் காத்துக்கும் குளிருக்கும் பயந்து வாசன விடுற சாதி போல.

இன்னொண்ணு, ஷிராஸ் வேற சிரா வேற இல்ல, ஒரே பழம். ஈரான்ல ஷிராஸ் நகரத்துல இருந்து வந்துச்சுன்னு ஒரு கத சுத்துது, தங்கச்சிகூட அத நம்பினா. டிஎன்ஏ பாத்து 1990கள் கடைசியில முடிச்சு வச்சுட்டாங்க. அப்பா துரேசா, அம்மா மொந்தூஸ் பிளான்ஷ், ரெண்டும் பிரான்ஸ்ல தென்கிழக்குப் பக்கத்து, யாரும் இப்ப சீண்டாத பழங்க. ஆஸ்திரேலியாவுக்கு ஜேம்ஸ் பஸ்பின்னு ஒருத்தர் 1832ல வெட்டுக் கம்பு கொண்டு போனதோட அது அங்க பரவிச்சு.


லாச்சப்பல்_ரவி:

நான் ஹட்டன் பக்கத்து ஆள், இப்ப பரிஸ். இந்த இழைய என் கூட்டாளி ஒருத்தன் அனுப்பினான், பாத்த உடனே கை துறுதுறுங்குது.

க்ரையோவப் பத்தி சொல்றேன். அலென் க்ரையோ பரம்பர விவசாயி இல்ல, அதுதான் கதையே. விவசாய இரசாயனம், மருந்து விக்கிற கம்பெனியில வேலை பாத்த மனுசன். 40 வயசுக்கு அந்த வேலைய விட்டுட்டு க்ரோஸ் ஹெர்மிடேஜ்ல கொடிய வாடகைக்கு எடுத்து 1985ல முதல் வைன் போட்டாரு. மருந்து வித்த ஆளே பிறகு மருந்து அடிக்காத பக்கம் போனாரு. அந்த நேரம் க்ரோஸ்னா யாரும் மதிக்க மாட்டாங்க, பக்கத்துல ஹெர்மிடேஜ் மலை இருக்கு, அதுக்குத்தான் பேரு. க்ரோஸ் அதோட ஏழ சொந்தக்காரன் மாதிரி. இவரு வந்த பிறகு க்ரோஸ்ல இருந்தும் நல்ல வைன் எடுக்கலாம்னு ஆட்கள் திரும்பிப் பாத்தாங்க. 2022ல செத்துட்டாரு. இப்ப மகன்மாரு ரெண்டு பேரு, மக்சீம், அந்துவான், அவங்கதான் பாக்குறாங்க.

"ஆளா கம்பெனியா"ன்னு கேட்டீங்க, நல்ல கேள்வி. இந்த ஊர்ல மூணு மாதிரி வைன் வரும். ஒண்ணு சின்ன ஆட்கள்கிட்ட பழத்தையோ வைனையோ வெலைக்கு வாங்கி தன் பேருல விக்கிற பெரிய வியாபாரி. ரெண்டாவது கூட்டுறவு, தேன்-லெர்மிடேஜ்ங்கிற ஊர்ல 1933ல தொடங்கின ஒண்ணு இருக்கு, க்ரோஸ்ல விளையுறதுல பெரிய பங்கு அங்கதான் போகுது. மூணாவது தன் கொடி, தன் கையால கவ்வாத்து, தன் நெலவறையில தொட்டி, தன் பேரு போட்ட போத்தல். க்ரையோ இந்த மூணாவது.

நம்ம ஊர்ல சின்னத் தோட்டக்காரங்க கொழுந்த எடுத்து லொறிக்குக் குடுத்துட்டு, கிலோவுக்கு என்ன போடுறான்னு பாத்துக்கிட்டு நிக்கிறாங்களே, அவங்க எல்லாம் முதல் ரெண்டு கணக்கு. பெரிய தோட்டத்துத் தேயிலைக்காவது கொழும்பு ஏலத்துல தோட்டத்து மார்க் இருக்கும், அந்த ஏலம் 1883ல இருந்து நடக்குது. ஆனா வாங்கினவன் பத்துத் தோட்டத்த ஒண்ணா கலந்த பிறகு எந்த மலை, எந்த டீமேக்கர், ஒண்ணும் இருக்காது. உங்க மாமா 38 வருஷம் போட்ட தேயிலய யாரு எங்க குடிச்சாங்கன்னு அவருக்குத் தெரியுமா? கேட்டுப் பாருங்க. இந்தப் போத்தல்ல அந்த மனுசன் பேரு பெருசா இருக்கு பாருங்க, அதுதான் வித்தியாசம்.

நான் ஒரு வருஷம் பேப்பர் சரியில்லாம வேலை இல்லாத நேரம் திராட்ச பறிக்கப் போனேன், வடக்கு ரோன்லதான், க்ரோஸ் இல்ல, அதுக்குத் தெக்க மலையில. எங்க போனேன்னு சொல்லல, சம்பளத்துல கொஞ்சம் பிடிச்சுட்டானுங்க, அது பழைய கணக்கு. மலை அப்படியே நம்ம மலை! கல்லுக் கட்டி அணை போட்டு படிப்படியா ஏறுது, மெஷின் ஏறாது, எல்லாம் கை. ஒவ்வொரு கொடிக்கும் ஒரு முட்டுக் கம்பு. கீழ இருந்து பாத்தா யாரோ நெறைய குச்சிய நட்டு வச்ச மாதிரி இருக்கும். பழத்த சுமக்க முதுகுக் கூடை குடுப்பாங்க, "ஹொத்". அத கண்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கல. எங்கம்மா கூடய கயிறு கட்டி நெத்தியில மாட்டுவாங்க, இது ரெண்டு தோளுல பட்டி. ஒரு தடவ நான் பழக்க தோசத்துல பட்டிய நெத்திக்குத் தூக்கிட்டேன், பக்கத்துல நின்ன போலந்துக்காரன் என்னப் பைத்தியம்னு நெனச்சான். நிரம்பின கூடய கொட்டும்போது நேரா நிமிந்து கொட்டக் கூடாது, தொட்டிக்கிட்ட போய் ஒரு பக்கமா குனிஞ்சு தோளுக்கு மேலால விழுத்தணும், மொத நாள் பழம் பாதி என் சட்டைக்குள்ளதான் போச்சு. கொழுந்து நிறுக்கிற எடத்துல கணக்கப்பிள்ள கத்துற மாதிரியே ஒருத்தன் கத்துவான். பாஷை மட்டுந்தான் வேற.

ஆனா ஒண்ணு, மலைக் கதைய நம்பி க்ரையோவ மலையில ஏத்திராதீங்க. அவரோட கொடியில பெரும்பகுதி மட்டமான நெலத்துல, ஷாசின்னு சொல்ற சமவெளி, உருண்டக் கல்லுங்க நெறஞ்ச பூமி. தண்ணி நிக்காது, கல்லு பகல்ல சூடேறி ராவுல விடும். நல்ல வைனுக்கு மலைதான் வேணும்னு நம்ம ஆட்களும் சொல்லுவாங்க, அவங்களும் சொல்லுவாங்க. இந்த மனுசன் மட்டத்துல செஞ்சு காட்டினாரு.

செய்முறையில ஒரு விசேஷம், பழத்தக் காம்புல இருந்து பிரிக்காம கொலை கொலையா அப்படியே தொட்டியில போட்டு நொதிக்க விடுவாரு. பழைய காலத்து முற. நெறைய பேரு இப்ப மெஷின்ல காம்ப எடுத்துருவாங்க. ஊற வைக்கிற மரப்பீப்பாயும் புதுசு கெடையாது, பிரான்ஸ்லயே இன்னொரு வைன் பகுதியான பர்கண்டிப் பக்கத்துல ஏற்கெனவே பாவிச்சத வாங்குவாரு. புதுப் பீப்பான்னா மரவாசன பழத்த அமுக்கிரும்.


லயத்து_ராசா:

ரவி அண்ணே கூடைக் கத சூப்பர். சரி நானும் ஒரு கேள்வி, நம்ம மலையில இந்தத் திராட்ச வருமா? வெள்ளக்காரன் எல்லாத்தையும் நட்டுப் பாத்தானே.


லாச்சப்பல்_ரவி:

தம்பி திராட்ச நம்ம நாட்டுல யாழ்ப்பாணத்துல நல்லா வருது, காஞ்ச பூமி. மலையில மழையும் மூடுபனியும் விடாது, பழம் பழுக்குறதுக்குள்ள பூஞ்சணம் பிடிச்சுரும். பிரான்ஸ்ல இந்தக் கொடி குளிர்காலத்துல இல உதுத்துத் தூங்கும். நம்ம மலை குளிரும், ஆனா தூங்க விடாது.

வெள்ளக்காரன் நட்டது காப்பி. 1869ல காப்பி இலயில துரு நோய் வந்து தொடச்சு எடுத்துட்டுப் போச்சு, அதுக்குப் பிறகுதான் நம்ம எல்லாரோட தலையெழுத்தும் தேயிலையாச்சு. அதே 1860கள்லதான் இங்க ரோன் தெக்குல பில்லொக்ஸெரான்னு வேர்ப்பூச்சி வந்து திராட்சய அழிச்சுச்சு. இவனுங்க வேற செடிக்கு மாறல, அமெரிக்கா வேருல ஒட்டுப் போட்டு அதே கொடிய வச்சிக்கிட்டானுங்க.


கிச்சன்_செல்வா:

ரவி அண்ணே சொன்ன காம்பு மேட்டர் முக்கியம். முழுக் கொலையா போட்ட வைன்ல பச்சக் குச்சி, காஞ்ச புல்லு, சில நேரம் ஏலக்கா மாதிரி ஒரு வாசன மேல நிக்கும். பழக்கம் இல்லாதவங்க "இது என்னா பழுக்காத மாதிரி"ன்னு கேப்பாங்க. பயப்படாதீங்க, அது பிழை இல்ல. தம்பி, மாமாகிட்ட முன்னாலேயே சொல்லி வச்சிருங்க.


போகவந்தலாவ_பையன்:

இல்ல அண்ணே, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவரு 38 வருஷம் தேயில ருசி பாத்த நாக்கு. பாப்போம்.

அவசரக் கேள்வி: வூட்டுல கோர்க் திருகி இல்ல, போகவந்தலாவ டவுன் முழுக்க கேட்டாச்சு. என்ன செய்ய?


கிச்சன்_செல்வா:

நீளமான ஸ்குரூ ஆணி ஒண்ண மெதுவா திருகி இறக்குங்க, முழுசா இறக்கிறாதீங்க, தலை வெளியில நிக்கணும். குறடால பிடிச்சு நேரா மேல இழுங்க, ஆட்டாதீங்க. போத்தல துணியில சுத்திக்குங்க. செருப்புக்குள்ள வச்சு சுவத்துல அடிக்கிற வீடியோ பாத்துட்டு செய்ய வேணாம், லயத்துச் சுவரு தாங்காது, பக்கத்து வூட்டுக்காரனும் தாங்க மாட்டான்.


பதுளை_டீச்சர்:

31க்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு கட்டாயம் எழுதுங்க தம்பி. பாதியில விட்டுட்டு ஓடிராதீங்க.


போகவந்தலாவ_பையன்:

வந்துட்டேன், மன்னிச்சுக்குங்க, ரெண்டு நாளா கரண்டும் சிக்னலும் சரியில்ல.

கோர்க் பாதியில ஒடஞ்சுது. செல்வா அண்ணே ஆட்டாதீங்கன்னு சொன்னாரு, மச்சினன் ஆட்டினான். மிச்சத்த உள்ளயே தள்ளிட்டோம், தூள் எல்லாம் மெதக்குது. நான் போச்சுடான்னு தலையில கை வச்சேன். மாமா ஒண்ணும் பேசாம எழும்பிப் போய் டீ வடிய எடுத்துட்டு வந்து ஒரு ஜக்குல வடிச்சாரு. ஒரு மணித்தியாலம் அப்படியே ஜக்குலயே இருந்துச்சு, வெளியில மூடுபனி, சன்னல் திறந்து கெடந்துச்சு, அதுவே போதுமான குளிர்.

மாமி சம்பல் முதல்ல வந்துச்சு. கருவாடு மத்தியானமே முடிஞ்சுது, அது என் வெற்றி. கறி வந்ததும் ஆளுக்கு ஒரு கிளாஸ் ஊத்தினோம், சும்மா தேத்தண்ணி கிளாஸ்தான். மாமா குடிக்கல. ஒரு மேசைக் கரண்டி கேட்டாரு. கரண்டியில எடுத்து வாய்கிட்ட வச்சு சர்ருன்னு ஒரு இழு இழுத்தாரு, ஸ்டோர்ல ருசி பாக்குற மாதிரியே, அந்தச் சத்தத்துக்கு அடுத்த காம்பராவுல தூங்கின புள்ள முழிச்சிருச்சு. மாமி "சாப்பாட்டுல உக்காந்துகிட்டு இது என்னா பழக்கம்"னு கத்துறாங்க. அவரு வாய்க்குள்ள உருட்டி, முற்றத்துப் பக்கம் போய் துப்பிட்டு வந்து உக்காந்தாரு. நாங்க எல்லாம் மூச்சு விடாம பாத்துக்கிட்டு இருக்கோம்.

"குச்சி எடுக்காம போட்டிருக்கான்"ன்னாரு.

டீச்சர் அக்கா, ரவி அண்ணே, செல்வா அண்ணே, நான் கோயில் மேல சத்தியம் பண்றேன், நான் ஒரு வார்த்த சொல்லல. மச்சினனுக்கு ஒண்ணுமே தெரியாது. அவரு ஒரே ஒரு கரண்டியில சொல்லிட்டாரு. எப்பிடி மாமான்னு கேட்டா "கொழுந்துல முத்தின குச்சி கலந்து வந்தா இப்பிடித்தான் மணக்கும், எங்க ஸ்டோர்ல இப்பிடிப் போட்டிருந்தா துரை என்னத் தூக்கி மலைக்கு அனுப்பியிருப்பாரு"ன்றாரு. அப்ப நல்லா இல்லையான்னு மச்சினன் கேட்டான், குரல் கம்மிப் போச்சு. "நல்லா இல்லன்னு யாரு சொன்னது, தெரிஞ்சே போட்டிருக்கான், தெரியாம போட்டா வேற மாதிரி இருக்கும்"னு சொல்லிட்டு கிளாஸ எடுத்தாரு.

பண்டிக்கறியோட எப்பிடின்னா, நான் வைன் பத்தி ஒண்ணும் தெரியாதவன், ஆனா கறிய மென்னுட்டு ஒரு வாய் குடிச்சா கொழுப்புப் பிசுபிசுப்பு கழுவின மாதிரி போயிருது, அடுத்த வாய்க்கு கறி புதுசா இருக்கு. மிளகு எது கறியோடது எது வைனோடதுன்னு பிரிக்க ஏலல. மாமிக்கு மிளகு தெரியல, டீச்சர் சொன்ன அஞ்சுல ஒருத்தர் அவங்கதான். லீக்ஸ்தான் எனக்கு ஆச்சரியம், அதோட வைன் இனிக்கிற மாதிரி இருந்துச்சு. ஒரு கைப்பிடி கட்டசம்பல் மச்சினன் ஆசப்பட்டு கறியோட வச்சிக்கிட்டான், வைன் ஒரு வாய் குடிச்சான், கண்ணுல தண்ணி வந்துருச்சு, செல்வா அண்ணே சொன்னது சொன்னதுதான்.

ரவி அண்ணே கேக்கச் சொன்னத கேட்டேன். நீங்க போட்ட தேயில எங்க போச்சுன்னு தெரியுமா மாமான்னு. கொஞ்ச நேரம் பேசல. ஒரு தடவ ஏலத்துல நல்ல வெல போச்சுன்னு துரை ஒரு பிஸ்கட் டின் குடுத்தாராம், அந்த டின் இன்னும் இருக்கு, மாமி அதுலதான் நூல், ஊசி போட்டு வச்சிருக்காங்க. அவ்வளவுதான் தெரியும்னாரு. பிறகு கண்ணாடிய போட்டுக்கிட்டு போத்தல திருப்பித் திருப்பி அந்தப் பேர வாசிச்சாரு. நான் "க்ரையோ"ன்னு சொல்லிக் குடுத்தேன், அவரு "கிரையன்"னு பிடிச்சுக்கிட்டாரு, இனி மாத்த ஏலாது.

ஜக்குல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, தட்டு போட்டு மூடி வச்சோம். மறுநாள் காலையில ரொட்டியும் பழைய கறியும் சூடாக்கினப்ப மாமா அத எடுத்து ஊத்திக்கிட்டாரு, ஒண்ணாந்தேதி காலை எட்டு மணிக்கு! குச்சி மணம் எறங்கிருச்சு, இப்பத்தான் சரியா இருக்குன்னாரு.

பிறகு மகன்கிட்ட கேக்குறாரு, அந்த கிரையன் இன்னும் இருக்கானான்னு. இல்லப்பா, 2022ல செத்துட்டாராம், மகன்மாருதான் செய்றாங்களாம்னு அவன் சொன்னான், ரவி அண்ணே எழுதினத நான் காட்டியிருந்தேன். மாமா கிளாஸ கீழ வச்சுட்டு, "அப்ப அந்தப் பயலுங்ககிட்ட குச்சிய இன்னும் ஒரு நாள் வாட விட்டுப் போடச் சொல்லு"ன்னாரு.

மச்சினன் எழுதிப் போடுறேன்னு சொல்லியிருக்கான்.